கொலையும் சாட்சியும் அவையோரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெறுப்பினால் நிகழ்ந்த ஒரு கொலையை ஆராயப் புகும் செய்தியாளரைப் பற்றிய நாடகங்களும், அவற்றை நோக்கும் அவையோரும் என்பது எனக்கு இடப்பட்ட தலைப்பு. நாடகம் என்றவுடன் நாம் ஆசிரியரைப் பற்றிப் பேசுவோம். இயக்குநரையும் நடிகரையும் பற்றிப் பேசுவோம். எதிரே அமர்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள், எழுந்து போகும்போது என்ன சொன்னார்கள் என்று எழுதி வைப்பது நம்மிடையே அரிது. இவ்வகை நாடகங்களுக்கு அவையோரின் எதிர்வினையே உரைகல் என்று நான் கருதுகிறேன். அதனை மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் வைத்து விளக்க முயல்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று. மேலைநாட்டார் இனவெறி என்று குறிப்பதை நாம் இங்கே சாதிவெறியாகக் காண்கிறோம். இரண்டும் ஒன்றா என்ற வாதம் 2001-ஆம் ஆண்டில் டர்பன் நகரில் கூடிய ஐ.நா. மாநாட்டில் பெரிதாக எழுந்தது. சாதியை அம்மாநாட்டில் பேசலாகாது என்றது இந்திய அரசு. பேசியே ஆகவேண்டும் என்றன தலித் அமைப்புகள். அவ்வாதத்தை முடித்து வைப்பது என் வேலையன்று. பிறப்பைக் காரணம் காட்டிக் கொல்லப்பட்ட ஒருவரின் உடல் மேடையில் கிடக்கும்போது, எதிரே இருப்பவரிடம் எழ வேண்டிய கேள்வி இரு நாடுகளிலும் ஒன்றுதான்.

இத்தகைய கதைகளுக்குச் செய்தியாளரை நாயகராக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் வெளியாள். அவருக்கு ஒன்றும் தெரியாது; பார்ப்பவருக்கும் தெரியாது. அவரோடு சேர்ந்து நாமும் ஊருக்குள் நுழைகிறோம், அறிகிறோம், அதிர்கிறோம். 'காந்தி' படத்தை எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ 1987-இல் 'கிரை ஃபிரீடம்' என்ற படத்தை எடுத்தார். தென்னாப்பிரிக்கக் கருப்பினத் தலைவர் ஸ்டீவ் பீக்கோ 1977-இல் காவலில் இருந்தபோது இறந்தார். அவருடைய நண்பரான வெள்ளையினப் பத்திரிகையாசிரியர் டொனால்டு வூட்ஸ் அந்தச் சாவின் உண்மையை உலகுக்கு உரைக்கப் போராடினார். இதுவே கதை. 1988-இல் தென்னாப்பிரிக்காவில் படம் வெளியான அன்றே காவல்துறை பிரதிகளைக் கைப்பற்றியது. அதிகாரம் அதற்கு அஞ்சியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் விமர்சகர் பலர் ஒரு குறையைச் சுட்டினர். படத்தின் பிற்பகுதி பீக்கோவை விட்டுவிட்டு, வூட்ஸ் குடும்பத்தார் நாட்டைவிட்டுத் தப்பிச் செல்லும் கதையாகிவிடுகிறது. இறந்தவருக்காக வந்த கண்ணீர், தப்பியவருக்கான நிம்மதிப் பெருமூச்சாக முடிகிறது.

இந்த அபாயத்தை நன்கு உணர்ந்தவர் மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். அவரும் பத்திரிகையாளராக இருந்தவரே. 1981-இல் ஆங்கில நாளிதழ்ச் செய்தியாளர் ஒருவர், பெண்கள் விற்கப்படுவதை மெய்ப்பிக்கத் தாமே ஒரு பெண்ணை விலைக்கு வாங்கினார். அந்நிகழ்ச்சியை அடியொற்றி எழுந்ததே தெண்டுல்கரின் 'கமலா'. வாங்கி வரப்பட்ட பெண், செய்தியாளரின் மனைவியைப் பார்த்து, உன்னை எவ்வளவுக்கு வாங்கினார் என்று வெள்ளந்தியாகக் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் விசாரணை திசை மாறுகிறது. அதுவரை நாயகரோடு சேர்ந்து ஊழலை வேடிக்கை பார்த்த அவை, தன் வீட்டை நோக்கித் திரும்ப வேண்டியதாகிறது.

நிற்க. நம் நிலத்துக்கு வருவோம்.

பெரியாற்று வாய்க்கால் பாயும் மேலூர் வட்டாரத்தில் உள்ளது மேலவளவு. 1996-இல் அவ்வூராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் வேட்பாளர்கள் மனுவைத் திரும்பப் பெற்றனர், தேர்தல் தடைப்பட்டது, வாக்குச்சாவடி தாக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதி நாளில், காவல்துறைப் பாதுகாப்போடு நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். ஆனால் அலுவலகத்தில் அமர்ந்து பணியாற்ற அவரை விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரையில் ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில், அவரும் உடன் வந்தோர் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டது.

அன்பர்களே, இக்கொலையில் துப்பறிய என்ன இருக்கிறது? பட்டப்பகல். பொதுப் பேருந்து. உள்ளே பயணிகள். கொலை செய்தவர் யார் என்பது ஊருக்குப் புதிர் அன்று. மேலைநாட்டு விசாரணை நாடகம் 'யார் செய்தது?' என்ற கேள்வியில் நடக்கிறது. நம் சமவெளியில் அக்கேள்விக்குப் பெரும்பாலும் வேலையில்லை. இங்குள்ள கேள்வி 'யார் சொல்வார்?' என்பது. மறைந்திருப்பவர் கொலையாளி அல்லர். மறைந்திருக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுபவர் சாட்சி. மேலவளவு வழக்கு சேலத்தில் விசாரிக்கப்பட்டு 2001-இல் 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர் என்றால், அச்சத்தை மீறிக் கூண்டேறிச் சொன்னவர்கள் இருந்ததால்தான். வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோர் அவர்களுக்குத் துணை நின்றதாலும்தான். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தது. 2008-இலும் 2019-இலுமாகத் தண்டிக்கப்பட்டோர் பெரும்பாலானோர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். சாட்சி சொன்னவர் தம் சொல்லுக்கு எத்தனை ஆண்டு மதிப்பு என்று அன்று எண்ணியிருப்பார்.

ஆகவே இங்கே நாடகம் பார்க்கும் அவையின் நிலை வேறு. சாதிக் கொலையைப் பேசும் நிகழ்த்தல்களும் திரையிடல்களும் முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடல்களில் மூன்று குரல்களை மீண்டும் மீண்டும் கேட்டிருக்கிறேன்.

நகரத்து அரங்குகளில் எழுவது முதற்குரல். கைதட்டல் பலமாக இருக்கும். பிறகு ஒருவர் எழுந்து, "நல்லாப் பண்ணியிருக்கீங்க, ஆனா இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா?" என்பார். கதை அவருக்குப் பிடித்திருக்கிறது. அது வேறெங்கோ, வேறெப்போதோ நடந்தது என்பதால்தான் பிடித்திருக்கிறது.

இரண்டாவது குரல் பாதிக்கப்பட்டோரின் தெருவுக்கு எதிர்த்தெருவிலிருந்து வருவது. "நடந்தது நடந்துபோச்சு, எதுக்குக் கிளறணும்?" என்பது அதன் வடிவம். இதைக் கேட்டு நாம் சினங்கொள்கிறோம். ஆனால் முதற்குரலைவிட இதில் உண்மை மிகுதி. நடந்தது என்று இவர் ஒப்புக்கொள்கிறார். இக்குரல் நேரடியாக வராமல் பக்கவழியில் வருவதும் உண்டு. 1993-இல் நிகழ்ந்த காவல்நிலையக் கொலையை அடிப்படையாகக் கொண்டு 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தைச் சுற்றி எழுந்த பெரும் பூசல், ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படத்தைப் பற்றியது. நாட்காட்டியை மாற்றினார்கள். கொல்லப்பட்டவரைப் பற்றிய பேச்சு அந்த இரைச்சலில் ஒதுங்கிப் போயிற்று.

மூன்றாவது குரல் மெல்லியது. ஊர்த் திடலில், பெரும்பாலும் பின்வரிசையில் நிற்பவரிடமிருந்து வரும். அவர் பாராட்டமாட்டார், பழிக்கவும்மாட்டார். நாடகத்தில் வந்த ஏதேனும் ஒரு விவரத்தைத் திருத்துவார். ஓர் ஊரில் நிகழ்த்தல் முடிந்தபின் ஒரு முதியவர் நடிகரிடம் வந்து, "அங்கிட்டு வழியே கிடையாது தம்பி, கம்மாக்கரையைச் சுத்தித்தான் ஓடி வரணும்" என்றார். அவ்வளவே சொன்னார், போய்விட்டார். நடிகருக்கு அது ஒரு பிழைதிருத்தமாகப் பட்டது. எனக்கோ அது சாட்சியமாகப் பட்டது. ஓடி வந்த வழி அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கண்ட எதிர்வினைகளில் இதனினும் உயர்ந்தது ஒன்றில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எண்வகையாக வகுத்தார். சாதிக் கொலையைக் காட்டும் நாடகங்களில் அழுகையும் வெகுளியும் எளிதில் எழுந்துவிடுகின்றன, அச்சமும் எழுகிறது. அரிதாக எழுவது இளிவரல். இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்ற நாணம் அது. செய்தியாளர் நாயகராகி நீதியை வாங்கிக் கொடுத்துவிடும் நாடகம், நமக்கு அழுகையைத் தந்து இளிவரலிலிருந்து விடுதலையும் தந்துவிடுகிறது. அதனால்தான் அது இனிக்கிறது.

இதற்கு மாற்று வழியை நம் வட்டாரம் முன்பே அறியும். 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறையும், 1980-இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறையும் தமிழ் நவீன நாடகத்துக்குப் புது மூச்சு தந்தவை. மு. இராமசாமி 1978-இல் மதுரையில் தொடங்கிய நிஜ நாடக இயக்கம் தெருவுக்கும் திடலுக்கும் வந்தது. சென்னையில் 'பரீக்ஷா'வை நடத்திய ஞாநி தாமே ஒரு பத்திரிகையாளர். வீதி நாடகத்தில் மேடையும் இல்லை, இருளும் இல்லை. மக்கள் சுற்றி நிற்க, நடுவில் நாடகம் நிகழ்கிறது. நடிகருக்கு அப்பால், வட்டத்தின் எதிர்ப்புறம் நிற்கும் பக்கத்துத் தெருக்காரரின் முகம் நமக்குத் தெரிகிறது. நம் முகம் அவருக்குத் தெரிகிறது. கொலைக் காட்சியில் யார் தலை குனிந்தார், யார் நகர்ந்து போனார் என்பதை ஊரே பார்க்கிறது. இருண்ட அரங்கில் அமர்ந்து அழுபவருக்கு இந்தச் சங்கடம் இல்லை.

இங்கிலாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல விரும்புகிறேன். 1993 ஏப்ரல் 22 அன்று இலண்டனில் பேருந்துக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கருப்பின இளைஞர் இனவெறியரால் குத்திக் கொல்லப்பட்டார். உடனிருந்த நண்பரையே காவல்துறை ஐயத்தோடு நடத்தியது. பின்னர் அமைந்த விசாரணைக் குழுவின் முன் சொல்லப்பட்ட சாட்சியங்களிலிருந்தே, 'கார்டியன்' செய்தியாளர் ரிச்சர்ட் நார்ட்டன்-டெய்லர் 'நீதியின் நிறம்' என்ற பொருள்படும் நாடகத்தைத் தொகுத்தார். 1999 ஜனவரியில் இலண்டனின் டிரைசைக்கிள் என்ற சிறு அரங்கில் அது மேடையேறியது. செய்தியாளர் என்றொரு பாத்திரம் நாயகராக அதில் இல்லை. அவர் கேட்டவராகவும் தொகுத்தவராகவும் பின்னால் நின்றுவிட்டார். இறுதியில் இறந்தவருக்காக ஒரு நிமிட மௌனம் கோரப்படும்; நடிகரோடு அவையும் எழுந்து நிற்கும். கைதட்டுவதா, நிற்பதா என்ற தயக்கத்தில் பார்வையாளர் விசாரணை மன்றத்தில் ஓர் ஆளாகிவிடுகிறார். கொலையாளிகளுள் இருவர் தண்டிக்கப்பட்டது 2012-இல். நாடகம் தீர்ப்புக்கு முன்பே அவையை எழுப்பி நிறுத்தியிருந்தது.

இவற்றையெல்லாம் தொலைவில் தேட வேண்டுமா என்றும் தோன்றுகிறது. ஆராயாமல் செய்த கொலை ஒன்றின் கதை இம்மதுரைக்கே உரியது. சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ் வரியில் கண்ணகி சிலம்பேந்தித் தெருவில் வரும்போது மதுரை மக்கள் கலங்கினர், வருந்தினர், செங்கோல் வளைந்ததே என்று புலம்பினர். தமிழில் அவையோரின் எதிர்வினையை எழுதி வைத்த முதல் ஆவணங்களுள் ஒன்றாக அப்பகுதியைக் கொள்ளலாம். ஆனால் அரண்மனை வாயிலில் காவலன் கண்டது தனித்து நின்ற ஒரு பெண்ணைத்தான். அழுத மதுரையில் சாட்சிக்கு உடன்சென்ற மதுரையை இளங்கோவடிகள் காட்டவில்லை.

அன்பர்களே, மேலவளவை நாடகமாக்க விழையும் இளைஞர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். செய்தியாளரைப் பாத்திரமாக்குங்கள், ஆனால் கேட்பவராக ஆக்குங்கள், மீட்பவராக ஆக்காதீர்கள். உத்தப்புரத்துச் சுவரை 2008-இல் நாளிதழ்கள் நாடறியச் செய்தன. அவ்வாண்டு மே மாதம் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. செய்தியாளரின் பணி பெரிது. எனினும் அச்சுவர் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் அங்கேதான் நின்றது. அதன் நிழலில் வாழ்ந்தவர்களுக்கு அது செய்தியன்று. இரண்டாவது, மர்மத்தைச் சாட்சியிடம் வையுங்கள். அவர் சொல்வாரா, சொன்னபின் அவர் ஆட்டை யார் மேய்ச்சலுக்கு விடுவார், அவர் மகளுக்கு யார் வேலை தருவார் என்பதில் எந்தத் துப்பறியும் கதையிலும் இல்லாத பதற்றம் இருக்கிறது. மூன்றாவது, நாடகத்தைத் திடலுக்குக் கொண்டு செல்லுங்கள். முடிந்தவுடன் மூட்டை கட்டிவிடாதீர்கள். பின்வரிசையில் நிற்பவர் வந்து திருத்தம் சொல்லும்வரை காத்திருங்கள்.

வட்டத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பத்தாண்டுகளில் நீங்கள் எத்தனையோ நூல்களையும் நாடகங்களையும் ஆய்ந்திருக்கிறீர்கள். அடுத்த பத்தாண்டுகளில், நிகழ்த்தல்களின் போது அவையில் எழும் சொற்களையும் குறித்து வையுங்கள். பெயர் வேண்டாம், சொல் போதும். இருபதாம் ஆண்டு மலரில் அச்சொற்கள் அச்சேறுமானால், இச்சமவெளி தன்னைப் பற்றித் தானே சொன்ன சாட்சியமாக அது அமையும்.