இடித்துக் காத்த ஊர்

டோக்கியோவுக்கு முன்பு எடோ என்று பெயர். மரச்சட்டம், காகிதக் கதவு, வைக்கோல் பாய் என்று வீட்டில் எல்லாமே தீக்கு இரை. 1657 மார்ச்சில் மூண்ட மெய்ரெக்கி பெருந்தீ ஊரில் பாதிக்கு மேல் சாம்பலாக்கியது. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் கோட்டைக் கோபுரமும் அன்று எரிந்தது. அதை இன்றுவரை திரும்பக் கட்டவில்லை.

மறு ஆண்டே அரசு தனக்கென ஒரு தீயணைப்புப் படையை வைத்துக்கொண்டது. சாதாரண மக்களின் தெருக்களுக்கு முறையான காவல் வர இன்னும் அறுபது ஆண்டு ஆயிற்று. ஷோகுன் யோஷிமுனே காலத்தில், நகர நடுவர் ஓக்கா தடாசுகே அந்தத் தெருக்காரர்களையே திரட்டினார். 1720இல் அவர்கள் 47 குழுக்களானார்கள். பெரும்பாலான குழுக்களுக்கு ஓர் எழுத்தே பெயர்.

இவர்கள் தீயைத் தண்ணீரால் வென்றவர்கள் அல்லர். பின்னாளில் கைப்பம்பு வந்தும், அதன் நீர் பெரும்பாலும் வீரர்களின் உடலை நனைக்கத்தான் உதவியது. காற்று போகும் திசையில் உள்ள வீடுகளை முன்கூட்டியே இடித்துத் தள்ளி, தீக்கு எரிய ஒன்றும் இல்லாமல் செய்வதே அவர்கள் கலை. அதனால்தான் கட்டட வேலையில் உயரத்தில் ஏறிச் சாரம் கட்டும் ‘தோபி’ என்ற தொழிலாளர்கள் இதில் முன்னே நின்றார்கள். எந்தத் தூணை இழுத்தால் கூரை சாயும் என்பது கட்டிய கைக்குத் தெரியும். நீண்ட கழியின் நுனியில் வளைந்த இரும்புக் கொக்கி, அதுதான் ஆயுதம்.

தீக்கு அருகே ஒரு கூரைமேல் ஒருவர் குழுவின் சின்னக் கம்பத்தோடு ஏறி நிற்பார். மதோய் என்ற அந்தக் கம்பம் நின்றால், நெருப்பை இங்கே நிறுத்துவோம் என்று குழு வாக்குக் கொடுத்ததாகப் பொருள். அந்த இடத்துக்காகக் குழுக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதும் உண்டு. ஓவியங்கள் கொண்டாடுவது கூரைமேல் நின்றவரை. என் மனம் வணங்குவது, எங்கிருந்து இடிப்பது என்று கீழே நின்று முடிவு செய்தவரை. தீக்கு மிக அருகே தொடங்கினால் நெருப்பு முந்திக்கொள்ளும். தள்ளித் தொடங்கினால் பிழைத்திருக்கக்கூடிய வீடுகளும் போகும். அந்த வீடுகளில் குடியிருந்த ஏழைகளும் இந்தக் கலைக்கு விலை கொடுத்தவர்கள்தாம். அவர்களை விட்டுவிட்டு இதைப் புகழ எனக்கு மனமில்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் டோக்கியோவில் தீயணைப்பு விழா நடக்கிறது. செங்குத்தாக நிறுத்திய மூங்கில் ஏணியின் உச்சியில் பழைய குழுக்களின் மரபைக் காப்பவர்கள் சாகசம் செய்கிறார்கள். அவர்களில் கட்டட வேலை செய்யும் தோபிகள் இன்றும் இருக்கிறார்கள்.