வாய்க்கு மதிப்பெண், நோய்க்கு விலை: பிரிட்டன் பல் மருத்துவம் தரும் பாடம்

(கட்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் உள்ள ஒரு பல் மருத்துவமனையின் முன் நூற்றுக்கணக்கான மக்கள் வரிசையில் நின்றனர். கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் காவல்துறை வரவேண்டியதாயிற்று. தேசிய சுகாதாரச் சேவையின் கீழ் புதிய நோயாளிகள் பதிவு செய்யப்படுகின்றனர் என்ற செய்தியே அவர்களை அங்கு கொண்டுவந்தது. பல்வலிக்கு ஒரு மருத்துவரைப் பெறுவதற்காக, வளர்ந்த முதலாளித்துவ நாடு ஒன்றின் உழைப்பாளி மக்கள் தெருவில் நின்றனர்.

தனியார் திட்டத்தில் மாதச் சந்தா செலுத்தும் வசதி உள்ளவர்கள் இந்த வரிசையில் நிற்கவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சந்தா அனைவருக்கும் ஒரே தொகை அல்ல. பல் மருத்துவர் வாயைப் பரிசோதித்து, இது எத்தகைய வாய் என்று வகைப்படுத்திய பிறகே தொகை முடிவாகிறது. அந்த வகைப்படுத்தும் முறை இப்போது நவீனமாகி வருகிறது. இதில் அரசியல் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வரலாற்றைப் பார்த்தால் விடை தெளிவாகும்.

இலவச சேவையில் விழுந்த முதல் வெட்டு

1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அதை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். பல் சிகிச்சையும் பல் செட்டும் கட்டணமின்றிக் கிடைத்தன. மூன்றே ஆண்டுகளில், கொரியப் போரை ஒட்டிய ஆயுதச் செலவுக்குப் பணம் திரட்ட, தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். அதை எதிர்த்து 1951 ஏப்ரலில் பெவன் பதவி விலகினார். மறு ஆண்டே கன்சர்வேட்டிவ் அரசு பல் சிகிச்சைக்கும் கட்டணத்தைக் கொண்டுவந்தது. இலவச மருத்துவத்தின் மீது விழுந்த முதல் வெட்டுகளில் ஒன்று பல்லின் மீது விழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1992இல் அரசு பல் மருத்துவர்களுக்கான ஊதிய விகிதத்தை 7 சதவீதம் குறைத்தது. ஏராளமான மருத்துவர்கள் தனியார் சிகிச்சையை நோக்கி நகர்ந்தனர். அவர்களை வரவேற்க, 1986இல் தொடங்கப்பட்ட டென்பிளான் போன்ற மாதச் சந்தா திட்டங்கள் தயாராக இருந்தன.

மதிப்பீடு எப்படி நடக்கிறது?

இத்திட்டங்களில் நோயாளி மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துகிறார். பரிசோதனை, பல் சுத்தம், சொத்தை அடைத்தல் முதலியவற்றை மருத்துவர் அதற்குள் செய்து தருகிறார். வேலை குறைந்தால் மருத்துவருக்கு ஆதாயம், கூடினால் நட்டம். எனவே முதலில் நோயாளி தம் செலவில் வாயைச் சீர்ப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு அவர் ‘ஏ’ முதல் ‘இ’ வரையிலான ஐந்து பிரிவுகளில் ஒன்றில் வைக்கப்படுகிறார். பிரிவு இறங்க இறங்கச் சந்தா ஏறும்.

தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தவையே கணக்கில் வந்தன: அடைத்த பற்கள் எத்தனை, உறை போட்டவை எத்தனை, ஈறின் நிலை என்ன என்பவை. ஈறுக்கு ஓர் எளிய முறை உண்டு. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, நுனியில் சிறு உருண்டை கொண்ட கருவியால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தின் ஆழத்தை அளந்து, 0 முதல் 4 வரை குறியீடு தருவார்கள். பின்னர் முழு வாய்க்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்கும் முறை வந்தது. அதனுடன் இப்போது கணினி மென்பொருளும் சேர்ந்துள்ளது. புகைப் பழக்கம், நீரிழிவு போன்ற விவரங்களைக் கொண்டு, சொத்தை, ஈறு நோய், பல் தேய்மானம், வாய்ப் புற்றுநோய் ஆகியவை வரக்கூடிய அபாயம் கணிக்கப்படுகிறது. நேற்றைய நோயை எண்ணிய முறை, நாளைய நோயை மதிப்பிடும் முறையாக மாறியிருக்கிறது.

அறிவியல் நோக்கில் இது முன்னேற்றமே. அபாயம் அதிகமுள்ளவரை அடிக்கடி பார்க்கவேண்டும். குறைவானவருக்கு இடைவெளி விடலாம். 2004இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, வயது வந்தோருக்கான மறுபரிசோதனை இடைவெளியை அபாயத்துக்கேற்ப 3 மாதம் முதல் 24 மாதம் வரை வகுத்தது இந்த அடிப்படையில்தான். ஈறு நோய் முற்றுமுன் எச்சரிக்கை கிடைப்பது எந்த நோயாளிக்கும் நன்மையே.

ஆனால் அபாயம் யாரிடம் குவிந்திருக்கிறது? 2022இல் இங்கிலாந்தின் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட அரசு ஆய்வில், மிக வறிய பகுதிகளில் 35.1 சதவீதக் குழந்தைகளுக்குப் பல் சொத்தை இருந்தது. மிக வசதியான பகுதிகளில் 13.5 சதவீதம். பற்களிலும் வர்க்கம் பதிந்திருக்கிறது. இந்தக் குழந்தைகள் வளர்ந்து சந்தா திட்டத்தின் வாசலுக்கு வரும்போது, எவரிடம் பணம் குறைவோ அவருடைய பிரிவே கீழே இருக்கும். அவருடைய சந்தாவே மேலே இருக்கும். பொதுச் சேவையின் கையில் உள்ள அளவுகோல், யாருக்கு முதலில் சிகிச்சை வேண்டும் என்று சொல்கிறது. சந்தைக்குப் போனதும் அதே அளவுகோல், யாரிடம் அதிகம் வாங்கவேண்டும் என்று சொல்லத் தொடங்குகிறது. அளவு நுட்பமாக ஆக, நோயின் விலையும் நுட்பமாகிறது.

பொதுச் சேவை ஏன் பயன்படுத்தவில்லை?

இதற்குப் பல் மருத்துவர்களை மட்டும் குற்றம் சொல்வது தவறு. 2006இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘பணி அலகு’ முறை புகுத்தப்பட்டது. பரிசோதனைக்கு ஓர் அலகு, சொத்தை அடைப்புக்கு மூன்று. ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பற்களை அடைத்தாலும் அதே மூன்றுதான்! இலக்கை எட்டாவிட்டால் பணம் திரும்பப் பெறப்படும். வாய் முழுக்கச் சொத்தையோடு வரும் ஏழை நோயாளி, மருத்துவருக்கு நட்டக் கணக்காக மாற்றப்பட்டார். 2022 நவம்பரில்தான் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பற்களுக்கு ஐந்து அலகு என்று சிறிய திருத்தம் வந்தது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2009இல் பேராசிரியர் ஜிம்மி ஸ்டீல் தலைமையிலான குழு, நோய்த் தடுப்பை மையமாகக் கொண்ட சேவையைப் பரிந்துரைத்தது. 2011 முதல் அது பரிசோதிக்கப்பட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அபாயம் குறிக்கப்பட்டது. சிவப்பு பெற்றவருக்குக் கூடுதல் கட்டணமல்ல, கூடுதல் கவனிப்பு என்பதே அதன் நோக்கம். பத்தாண்டுக்கு மேல் சோதித்த பின், 2022 மார்ச்சில் அது முடித்துக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிபிசி வெளியிட்ட ஆய்வில், பொதுச் சேவை வழங்கும் பல் மருத்துவமனைகளில் பத்தில் ஒன்பது, புதிய வயது வந்த நோயாளிகளை ஏற்கவில்லை என்று தெரியவந்தது. பிரிஸ்டல் வரிசையின் தோற்றுவாய் இங்கே இருக்கிறது.

இந்தியாவுக்கு இதில் என்ன?

பிரிட்டனின் சேவை தொடங்கிய அதே 1948இல்தான் இந்தியாவில் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் தொழிலாளியின் பங்களிப்பு கூலியில் 0.75 சதவீதம், முதலாளியினுடையது 3.25 சதவீதம். தொழிலாளியின் பல்லை எண்ணியோ நீரிழிவைக் கேட்டோ எவரும் பங்களிப்பை உயர்த்துவதில்லை. கூலிக்கேற்பக் கொடுப்பது, நோய்க்கேற்பப் பெறுவது என்பதே அதன் அடிப்படை. குறைபாடுகள் எத்தனை இருப்பினும், இந்தக் கோட்பாடு தொழிலாளி வர்க்கத்தின் உடைமை.

அதற்கு நேர்மாறான கோட்பாடே இன்று வளர்க்கப்படுகிறது. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சையையே மையமாகக் கொண்டது. பெரும்பாலான பல் சிகிச்சையோ புறநோயாளிப் பிரிவில் நடப்பது. எனவே பல்வலி சொந்தப் பணத்தில் விடப்படுகிறது. நகரங்களின் தனியார் பல் மருத்துவமனைகளில் தவணை முறை அறிவிப்புப் பலகைகள் தொங்குகின்றன. தவணைக்கு அடுத்த படி சந்தா. சந்தாவுக்கு அடுத்த படி வாய்க்கு மதிப்பெண்.

ஆகவே தோழர்களே! அளவுகோலை எதிர்ப்பது கட்சியின் வேலை அல்ல. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது வேண்டும். புகையிலையால் வாய்ப் புற்றுநோய் மிகுந்துள்ள இந்த நாட்டில் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைக் கையில் பிடித்திருக்கும் பல் மருத்துவர் அரசின் நிரந்தர ஊழியராக இருக்கவேண்டும். அதன் முடிவு சிகிச்சைப் பட்டியலில் இடம்பெறவேண்டுமே தவிர, கட்டண ரசீதில் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர் பணியிடங்களை உருவாக்கு, காலியிடங்களை நிரப்பு, தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனைகளைத் தனியாருக்குத் தாரைவார்க்காதே ஆகிய முழக்கங்களோடு தொழிற்சங்கங்களும் வெகுஜன அமைப்புகளும் மக்களிடம் செல்லவேண்டும். பிரிஸ்டல் மக்கள் இழந்தபின் வரிசையில் நின்றனர். இழக்கும் முன்பே திரள்வதுதான் அந்த அனுபவம் தரும் பாடம்.