பூட்டிய வீடும் பூட்டாத வாயும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. சிவகிரி வழக்கில் பிடிபட்டவர்களுக்குப் பல்லடம் சம்பவத்திலும் தொடர்பு உண்டு என்று போலீசார் கூறினார்கள். ஒதுக்குப்புறத் தோட்டத்தில்தானே நடந்தது, நாம் சந்துக்குள் நெருக்கமாக இருக்கிறோமே என்று நம்மில் பலர் நினைத்தோம்.

சென்ற ஆண்டு நமது மஹல்லாவிலிருந்து ஒரு குடும்பம் உம்ராவுக்குப் போனது. ஏர்போர்ட் போட்டோ, ஹரம் ஷரீஃப் போட்டோ எல்லாம் அன்றன்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தன. திரும்பி வந்தால் பீரோ திறந்து கிடக்கிறது. மகளின் நிக்காஹுக்குச் சேர்த்த நகை. பூட்டு உடைபடவில்லை. உடனே எல்லோரும் மாடியில் குடியிருந்த ஒடிசா பையன்களைத்தான் சொன்னார்கள். விசாரிக்காமல் பேசாதீர்கள் என்று நாமும் தடுக்கவில்லை. மூவரும் வீட்டைக் காலி செய்து போனார்கள். இரண்டு மாதம் கழித்துப் பிடிபட்டவன், முன்பு அதே வீட்டில் வாடகைக்கு இருந்தவரின் கூட்டாளி. பழைய சாவி அவனிடம் இருந்தது. அவர்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். ஒருவர் அதற்குள் ஊருக்கே போய்விட்டார். அவரிடம் இன்றுவரை கேட்க முடியவில்லை.

ஆகவே குடி மாறினால் முதல் வேலை பூட்டை மாற்றுங்கள். முன்னூறு, நானூறு ரூபாய்க்குப் பார்க்காதீர்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்து போடுங்கள். ஊருக்குப் போகுமுன் அந்தந்தக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால் ரோந்து வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பவர் டேபிள் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைச் சம்பளப் பணத்தை வெள்ளி இரவே எடுத்து வந்து பீரோவில் வைப்பதும், சாவியை அதன் தலைமேலேயே வைப்பதும் தெருவுக்கே தெரியும்.

லாக்கர் வட்டியில் சேருமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். லாக்கர் வாடகை வட்டி அல்ல, இடத்துக்கான கூலி. சில வங்கிகள் அதற்காக டெபாசிட் கேட்கும். அதில் வட்டி வரும், அதை மட்டும் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, வங்கியில் திருட்டோ தீயோ நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான் பொறுப்பு. 2,000 ரூபாய் வாடகைக்கு 2 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது போதாது, ஆனாலும் பீரோவைவிட மேல்.

இன்னொன்று. ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்க நகையை எடை போட்டு எழுதுகிறோம் அல்லவா? அந்தத் தாளையும் நகையின் போட்டோவையும் வீட்டுக்கு வெளியே, உடன்பிறந்தவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். போலீசில் புகார் எழுதும்போது அந்தத் தாய்க்கு எத்தனை பவுன் என்றே சொல்லத் தெரியவில்லை. திருட்டு நடந்தது தெரிந்தால் உள்ளே போய் எதையும் எடுத்து அடுக்காமல் முதலில் 100-க்கு அழையுங்கள், ரேகை அழிந்துவிடும்.

தராவீஹுக்குக் குடும்பத்தோடு வரும் ரமளான் இரவுகளுக்காக, தெருவுக்கு இருவர் என இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று தெருக்களுக்கு இன்னும் ஆள் இல்லை. இஷாவுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.