மூக்குக்கண்ணாடியும் ஒரு பெயர்ப்பலகையும்

(பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



சாப்பாடு தயாராகிவிட்டது, சீக்கிரம் முடி என்று செயலாளர் காதில் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரும் நம்ம மாதிரி ஒரு பழைய மாணவர்தான்.

பெயர் ஜோகேந்திரநாத் சென். வங்காளி. ஊர் சந்திரநாகூர். கல்கத்தாவுக்குப் பக்கம்தான், ஆனால் அந்நாளில் நம்ம புதுச்சேரி, காரைக்கால் போல பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1910இல் இங்கிலாந்து போய், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்து, 1913இல் பட்டம் வாங்கினார். அந்த நகர மின் நிலையத்திலேயே உதவிப் பொறியாளர் வேலையும் கிடைத்தது.

1914இல் போர் மூண்டது. லீட்ஸ் இளைஞர்கள் கூட்டாளிகளோடு சேர்ந்த படைக்கு 'லீட்ஸ் பால்ஸ்' என்று பெயர். சென்னும் அதில் சேர்ந்தார். படையிலேயே நன்கு படித்தவர், ஏழு மொழி பேசுவார் என்று உடனிருந்த சிப்பாய் ஒருவர் முதுமையில் நினைவுகூர்ந்தார். ஆனாலும் கடைசிவரை அவர் சாதாரண சிப்பாய்தான். வெள்ளைக்காரனுக்கு மேலே ஒரு கறுப்பு நிறத்தவரை வைக்க அன்றைக்கு யாருக்கும் மனசு வரவில்லை.

1916 மே 22, பிரான்சின் சோம் போர்முனை. குண்டுவீச்சில் சென் இறந்தார். வயது 28. சரியாக 40 நாள் கழித்து, ஜூலை 1 அன்று, அவருடைய படையே ஒரே காலையில் சின்னாபின்னமானது. அந்தப் பெரிய துக்கத்தில் இந்த ஒற்றைச் சாவு யாருக்கு நினைவிருக்கும்?

மூன்று இடத்தில்தான் தடயம் மிஞ்சியது. கோலன்காம்ப் கிராமத்துக்கு அருகே ஒரு கல்லறை. சந்தன்நகர் அருங்காட்சியகத்தில் இரத்தக்கறை படிந்த அவருடைய மூக்குக்கண்ணாடி. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் போர் நினைவுப் பலகையில் ஒரு பெயர். 2005இல் ஆய்வாளர் சந்தனு தாஸ் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே லீட்ஸ்காரர்கள் பலகையில் ஓர் இந்தியப் பெயர் எப்படி வந்தது என்று தேடினார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தபோது ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். பட்டாளம் அவருக்கு ஒரு பட்டைகூடத் தரவில்லை. படித்த இடம் மட்டும் மற்ற பிள்ளைகள் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துப் பொறித்தது. அது போதும், ஒரு மனுஷனைத் திரும்பக் கண்டுபிடிக்க.

நம்ம ஆட்களும் வளைகுடா முதல் கனடா வரை பிழைக்கப் போயிருக்கிறார்கள். சிலர் திரும்பி வரவில்லை. அவரவர் வகுப்பில் அப்படி யாராவது இருந்தால், பெயர், ஊர், படித்த வருஷம், கடைசியாக இருந்த இடம், இந்த நாலு விவரமும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். அடுத்த மலரில் அச்சாகட்டும். என்றைக்காவது ஒருவர் தேடி வருவார்.