ஓடும் வண்டியே வாழும் வண்டி



பழம்பொருள்களைத் திரட்டுவோர் பல திறத்தினர். நாணயம் சேர்ப்பவரும் தபால் தலை சேர்ப்பவரும் தம் செல்வத்தைப் பேழையில் இட்டுப் பூட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். பழைய சைக்கிள்களைச் சேர்ப்பவருக்கு அவ்வசதி இல்லை. ஓடினால்தான் சைக்கிள் வாழும், நின்றால் நலியும். இதைக் குறித்தே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலையில் உள்ளது எலெக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ஆம் ஆண்டில் இதற்கு அடிகோலியது. கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் முதலிய சிற்றூர்களின் நிலத்தில் எழுந்த இத்தொழில் நகருக்கு 2010-இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025-இல் மெட்ரோ ரயிலும் வந்தது. எனினும் இங்குள்ள இன்போசிஸ் வளாகத்தினுள், ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வோர் சைக்கிளை மிதித்துச் செல்லும் காட்சியைக் காணலாம். புதுமையின் இருப்பிடத்திலும் அவ்வூர்தி பயனற்றுப் போகவில்லை. இத்தகைய இடத்தில் பிழைப்பை நாடி வந்த நமக்கு, ஓய்வு நேரத்தில் தந்தையார் காலத்து வண்டிகளைத் தேடும் ஆவல் பிறப்பது இயல்பே.

அவ்வண்டிகளின் வரலாறு சுவையானது. 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பார் அமைத்த ‘ரோவர்’ வண்டியும், 1888-இல் டன்லப் கண்ட காற்றடைத்த டயரும் இன்றைய சைக்கிளுக்கு உருக்கொடுத்தன. நெடுங்காலம் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலியன கப்பலேறி நம் நாட்டிற்கு வந்தன. பின்னர், சென்னைக்கு அருகே அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையில் 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவாயின. அதே ஆண்டில் சோனிபத்தில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. அசன்சோலில் சென்-ராலே ஆலை எழுந்தது. அது மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அட்லஸின் சாகிபாபாத் ஆலையோ 2020 ஜூன் 3-ஆம் நாள், அதாவது உலக சைக்கிள் தினத்தன்றே, வேலையை நிறுத்தியது.

ஆலை மூடினால் உதிரிப் பாகமும் அரிதாகும். அளவு அறியாதவர் கையில் கிடைத்ததைப் பொருத்த முயல்வர். மிதியச்சுக் கூட்டில் அங்குலத்திற்கு 24 புரிகள் என்பது பொது வழக்கு. ராலே நிறுவனமோ தன் வண்டிகளில் 26 புரிகள் வைத்தது. வேறு வண்டியின் கிண்ணத்தை அதில் வலிந்து முடுக்கினால் சட்டத்தின் புரியே அழிந்துவிடும். பழைய ஆங்கிலேய வண்டிகளின் முன்சக்கரத்தில் 32 ஆரக்கம்பிகளும், பாரம் தாங்கும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். இவற்றை நம் ஊர்க் கடைக்காரர் ‘போக்ஸ்’ என்பார். ஒன்று தளர்ந்தால் மற்றவை சுமையேற்கும், சக்கரம் கோணும்.

நிறுத்திவைத்த வண்டிக்கு நேரும் கேடுகள் பல. அச்சில் இட்ட கிரீஸ் இறுகிவிடும். காற்றிறங்கிய டயர் ஒரே இடத்தில் அழுந்தி வெடிக்கும். தோல் இருக்கை எண்ணெய்ப் பசையின்றிச் சுண்டிப் பிளக்கும். ஆகவே, திரட்டுவோர் முதலில் ஒரு கணக்குப் போடல் வேண்டும். முப்பது வண்டிகள் உள்ளவர் நாளுக்கு ஒன்றாக ஓட்டினாலும், ஒவ்வொன்றின் முறையும் மாதத்திற்கு ஒருமுறையே வரும். அதற்கும் இயலாதவர் நண்பருக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டு ஓட்டச் செய்வதே முறை. புனே நகரில் விக்ரம் பெண்ட்சே என்பார் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய சைக்கிள்களைத் திரட்டி, 2017-இல் அருங்காட்சியகமாகவே அமைத்துள்ளார். அது பலரும் கண்டு பயன்பெறும் பொதுப்பணி. நம் வீட்டு மாடிப்படியின் கீழ்த் துருவேறும் வண்டிக்கு அப்பெயர் பொருந்தாது.

ஓட்டும்போதும் எச்சரிக்கை தேவை. கம்பி பிரேக் உடைய வண்டியின் எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிடிப்புக் குன்றும். லாரியும் பேருந்தும் விரையும் ஓசூர்ச் சாலை அதற்கு ஏற்றதன்று. ஞாயிறு அதிகாலையில், உள்தெருக்களில், உலர்ந்த நாளில் ஓட்டுவதே அறிவுடைமை.

வண்டியினும் அரியது ஒன்று உண்டு. சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு கம்பியை முடுக்கி, எதிர்க் கம்பியைத் தளர்த்திக் கோணலை நீக்கும் கைத்திறனே அது. மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விட்டு, ஆண்டுக்கொருமுறை ‘ஓவராயில்’ செய்து தந்த கடைகள் நம் ஊர்களில் குறைந்து வருகின்றன. அக்கைகள் ஓய்ந்தபின், பணம் கொடுத்தாலும் அத்திறனை வாங்க முடியாது. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நாம், அத்தகைய பெரியவர் ஒருவரிடம் அரைநாள் அமர்ந்து கற்று வருதல் நன்று.

நேயர்களே, ஆயிரங்கள் கொடுத்து அயலூர் வண்டிகளைத் தேடுமுன், நாம் பிறந்த வீட்டின் பின்கட்டை ஒருமுறை பார்ப்போமாக. நம்மைக் கேரியரில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுசென்ற வண்டி, நாம் குரங்குப் பெடல் பழகிய வண்டி, அங்கே சாய்ந்து கிடக்கலாம். அதற்குப் புது வண்ணம் பூச வேண்டியதில்லை. பழைய கீறல்கள் அப்படியே இருக்கட்டும். அச்சுக்கு எண்ணெயும் சக்கரத்திற்குக் காற்றும் தந்து, அதைத் தெருவில் இறக்குவோம். திரட்டின் முதல் வண்டி அதுவே ஆகுக.