வீட்டுப் படத்தை நாமும் வரைவோம்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் பொரளையில் நடந்த ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளில், உடுப்புக் கழுவுவதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நன்றி. கடையிலும் வீட்டு வேலையிலும் நின்று நீங்கள் அனுப்புகிற காசுதான் நாளைக்கு ஊரில் மேசனுக்கும் மணலுக்கும் போகப்போகிறது. அதனால் வீட்டைப் பற்றி உங்களோடுதான் முதலில் பேச வேண்டும்.

லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கினார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 என்று அறிவித்தார். காணி 7 பேர்ச்சஸ், வீடு 550 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக 1,350 சதுர அடி மிச்சம். நம்மவர்கள் வீட்டின் படத்தைப் பார்க்கிற அளவுக்கு இந்த மிச்சத்தைப் பார்ப்பதில்லை. விறகு, மரக்கறிப் பாத்தி, கோழிக்கூடு, மகன் கலியாணம் கட்டினால் இழுக்கப்போகிற அறை எல்லாம் அங்கேதான் வரவேண்டும். வீட்டைக் காணியின் நட்டநடுவில் வைத்துவிட்டால் நாலு பக்கமும் ஒடுங்கிய துண்டுகள்தான் மிஞ்சும்.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். விடியற்காலை எழும்பியதிலிருந்து பெரட்டுக்குப் போகும்வரை வீட்டில் யார் எங்கே நின்று என்ன செய்கிறார்கள் என்று எழுதி வரச்சொன்னேன். வந்த கொப்பிகளை வாசித்தால் எந்த வரைபடத்திலும் காணாத விசயங்கள். மழையில் நனைந்த படங்கைக் காயப்போட அடுப்புக்கு மேலே ஒரு கொடி வேண்டும். பாட்டி படுக்கிற இடம் கக்கூசுக்குக் கிட்ட இருக்க வேண்டும். சாமிப் படத்துக்கு ஒரு சுவர் வேண்டும். ஒரு மகள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "உடுப்பு மாத்த ஒரு மூலை வேணும் டீச்சர்." இதைவிடப் பெரிய கோரிக்கையை நான் எந்த மகஜரிலும் வாசித்ததில்லை.

அடுப்படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் கேஸ் இல்லாமல் போனபோது கொழும்பு வீடுகளே விறகுக்குத் திரும்பியதை நீங்கள் பார்த்தீர்கள். நமக்கு விறகு எப்போதும் உண்டு. ஆகவே புகைக்கூடு இல்லாத குசினி நமக்கு ஆகாது. கட்டி முடித்தபிறகு சுவரை உடைத்துப் புகைக்கூடு வைக்கிற செலவு யார் தலையில்?

இங்கே பக்கத்தில் வனாத்தமுல்லையில் சஹஸ்புர அடுக்குமாடி இருக்கிறது. 2001இல் திறந்தது, 671 வீடுகள். சேரியிலிருந்து வந்த குடும்பங்கள் அதில் குடியேறின. அந்தப் பக்கம் போனால் சும்மா தாண்டிப் போகாமல் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். பிள்ளைகள் வளர்ந்தாலும் அங்கே சுவரைத் தள்ளிக் கட்ட முடியாது. நமக்குக் கையளவு நிலமாவது கிடைக்கிறது. அதை யோசித்துப் பாவிக்க வேண்டும்.

மக்களைக் கேட்டு வீடு கட்டுவது இந்த நாட்டில் நடக்காத காரியமா? ஐம்பதுகளின் பிற்பகுதியில் கண்டி வட்டாப்புளுவையில் அரசாங்க ஊழியர்களுக்கு 200க்கு மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். வரைந்தவர் மினெட் டி சில்வா என்ற கண்டிப் பெண். குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டுத்தான் பலவகை வீடுகளை வரைந்தார். 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டத்திலும் அரசாங்கம் கடன் கொடுத்தது, குடும்பங்கள் தங்கள் வசதிக்கேற்பத் தாங்களே கட்டின. அந்த நேரத்தில் நம்மில் பலருக்குக் குடியுரிமையே இருக்கவில்லை. இன்றைக்கு நாம் வாக்காளர்கள். உத்தியோகத்தருக்குக் கேட்ட கேள்வியைக் கொழுந்து பறிக்கிறவளிடமும் கேட்கட்டும்.

கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 22 அடிக்கு 25 அடி, சரியாக 550. ஊருக்குப் போகும்போது மைதானத்தில் சுண்ணாம்பால் அந்தப் பெட்டியைக் கீறுங்கள். அம்மாவை உள்ளே நிறுத்தி, அடுப்பு எங்கே என்று கேளுங்கள். கட்டிலை, அலுமாரியை அளந்து போடுங்கள். கதவு திறந்தால் கட்டிலில் இடிக்குதா என்று அங்கேயே தெரிந்துவிடும். காகிதத்தில் கீறுவதைவிட இது லேசு, பாட்டிக்கும் விளங்கும். ஆம்பளைகள் மட்டும் கூடி முடிவெடுத்துவிட வேண்டாம். அடுப்படியில் நிற்கப்போவது அவர்கள் இல்லை.

ஒரு விசயத்தில் மட்டும் நம் ஆசைக்கு இடமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்துவிட வேண்டாம். அழகான இடம், ரோட்டுக்குக் கிட்ட என்று எவர் சொன்னாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். மேலே இருந்து வரும் தண்ணிக்குக் கான் எந்தப் பக்கம் போகிறது, பின்சுவருக்கும் மண் வெட்டிய மேட்டுக்கும் எத்தனை அடி என்று கேளுங்கள். காணி உறுதியில் புருசன் பெயரோடு மனைவி பெயரும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வாசலில் கொப்பித் தாள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் இப்போதைய காம்பரா, மற்றதில் வேண்டிய வீடு. அளவு பிழைத்தாலும் பரவாயில்லை, அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், தோட்டம் தோட்டமாகப் பிரித்துச் சங்கத்தின் கடிதத்தோடு சேர்த்து அதிகாரிகளிடம் கொடுப்போம்.