முந்தியவன் யார்?

(விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



புதிய யந்திரமோ புதிய விதையோ வந்தால், முதலில் பிடித்துக் கொண்டவனுக்கே சந்தை சொந்தம் என்கிறார்கள் முதலாளிகள். ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்: கோவையில் முதல் பஞ்சாலை 1888-லேயே வந்துவிட்டது. ஆலைகள் பெருகியதோ 1930-களில், பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். பிந்தி வந்த முதலாளிகளும் கொழுத்தார்கள். சரி, நம் வயலுக்கு வருவோம்.

1960-ல் தஞ்சை ஜில்லாவில் பேக்கேஜ் திட்டம் ஆரம்பமாயிற்று. விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே மூட்டையாக. பின்னால் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணை ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல்லைத் தந்தது. ஜப்பான் நெல்லோடு நம் நெல்லைக் கலந்து உண்டாக்கிய ரகம். சுமார் 105 நாளில் அறுப்பு. விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் குறுவையில் பத்து நாள் என்பது சாமானியமா? ஐப்பசி மழைக்கு முன் அறுத்தவன் நெல் களத்தில் காயும். பிந்தியவன் நெல் கதிரிலேயே முளைக்கும். ஈரம் என்று விலையில் வெட்டு விழும். மேட்டூர் திறக்கும் முன்பே வடிமுனைக் குழாய்த் தண்ணீரில் நாற்றங்கால் விட்டவனே முந்தினான். குழாய் இறக்கப் பணம் வேண்டும். கடன் வாங்க நிலம் காட்ட வேண்டும். வாய்வார்த்தைக் குத்தகைக்காரன் எதைக் காட்டுவான்? மிராசுதார் மூளையால் முந்தவில்லை தோழர்களே, பட்டாவால் முந்தினார்.

அந்த விதையாவது நிலைத்ததா? இல்லை. 1966-ல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர். 8 வெளிவந்தது, அப்புறம் ஐ.ஆர். 20, பொன்னி என்று வேறு ரகங்கள் வயலைப் பிடித்தன. முதல் விதை போயிற்று. அதில் கிடைத்த லாபம் மட்டும் மிராசுதார் வீட்டில் நின்றது.

விளைச்சல் ஏறியபோது நாம் கேட்டது, கூலி நெல்லில் கொஞ்சம் கூடுதல். பந்திக்கு முந்திய மிராசுதார்கள் நம்மை எதிர்க்க நெல் உற்பத்தியாளர் சங்கம் கட்டினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நியாயக் கூலிச் சட்டம் 1969-ல் வந்தது. சர்க்கார் என்றைக்கு முந்தியிருக்கிறது?

இன்று அறுவடை யந்திரம். அக்டோபர் மேகம் கறுக்கும்போது அது யார் வயலில் முதலில் இறங்குகிறது என்று பாருங்கள். ஐந்து வேலிக்காரர் போன் செய்தால் வருகிறது. மூன்று மாக் குத்தகைக்காரன் சாய்ந்த கதிரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அரிவாள் பிடித்த பெண்களுக்கோ அறுப்பு வேலையே போயிற்று. கூட்டுறவுச் சங்கத்துக்கு யந்திரம் வேண்டும், சிறு வயல்களுக்கு முதல் முறை வேண்டும், வேலை இழந்தவர்களுக்கு வேறு வேலை வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.